வீணைத் தந்தி போட்ட ஃபியூஸ்

நான் பௌதிகம் படித்து, ஒரு பெண்கள் கல்லூரியின் சோதனைச்சாலையில் வேலை பார்க்கிறேன். ஆனால் மயிலாப்பூரில் எங்கள் வீட்டு மின்சாரத்துக்கு என் அக்காவின் கணவர்தான் எஞ்சினீயர். அவர் தொழிலில் வக்கீல். சொந்தமாக ஒரு திருப்புளி வைத்திருக்கிறார். அந்தத் தகுதி போதுமாம்.

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு முறை ஃபியூஸ் போயிற்று. காரணம் என்னவென்று அவர் தேடவில்லை. அக்காவின் வீணையில் அறுந்துபோன பித்தளைத் தந்தியை முறுக்கி ஃபியூஸில் மாட்டினார்.

“அத்திம்பேர், ஃபியூஸ்னா உருகணும். இது உருகாது” என்றேன்.

“உருகக் கூடாதுன்னுதாண்டி போட்டிருக்கேன்! இதைக்கூட காலேஜ்ல சொல்லித் தரலையா?” என்று சிரித்தார்.

மறுநாள் காலை அவருடைய கோர்ட்டு அங்கியை அக்கா மின்சார இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் வயர் நைந்திருந்தது. உள்ளே கம்பியும் கம்பியும் ஒட்டிக்கொண்டன. வீணைத் தந்தி உருகவில்லை. வயர்தான் பற்றிக்கொண்டு அக்காவின் புடவைத் தலைப்புக்குத் தீ வைத்தது. நான் ஓடிப்போய் மெயின் ஸ்விட்சை நிறுத்திவிட்டு, ஜமக்காளத்தைப் போட்டு நெருப்பை அமுக்கினேன். அவள் கை லேசாகச் சுட்டதோடு தப்பினாள்.

“பெட்டி மட்டம்” என்பது அத்திம்பேரின் தீர்ப்பு.

இப்போது ஃபியூஸ் போனால், முதலில் வீட்டிலுள்ள வயர்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறேன். பழுதைச் சரிசெய்த பிறகே, அதற்கென்று கடையில் விற்கும் கம்பியைப் போடுகிறேன். ஃபியூஸ் பெட்டிக்குப் பூட்டும் போட்டாயிற்று. சாவி அக்காவின் இடுப்பில் இருக்கிறது. அத்திம்பேர் கேட்டால், “நீங்க போய் உங்க கேஸ் கட்டைப் பாருங்கோ” என்கிறாள்.