வருத்தமில்லாத வருத்தக்காரன்

எங்கள் தொழிலுக்கு ஒரேயொரு தகுதிதான் வேண்டும்: உடம்பில் இல்லாத வருத்தத்தை, அதாவது நோயை, வாயில் வைத்திருக்கத் தெரியவேண்டும். எச்.ஐ.வி., பால்வினை நோய், குடும்பத்திட்டம் என்று சனத்தோடு கதைக்கப் போகிற தாதிமாரையும் மிட்வைஃப்மாரையும் சுகாதாரப் பரிசோதகர்மாரையும் முதலில் ஒரு பொய் வருத்தக்காரனுக்கு முன்னால் இருத்திப் பழக்குவார்கள். அந்தப் பொய் வருத்தக்காரன் நான். வயது எழுபத்திரண்டு. முன்னாள் பஸ் கொண்டக்டர். ஆஸ்பத்திரி வாங்கில் மணிக்கணக்காய்க் குந்தியிருந்து, உள்ளே போனதும் பேச்சு வாங்கிக்கொண்டு வெளியே வந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் உள்ள வருத்தத்துக்கு வாங்கினீர்கள்; நான் இல்லாத வருத்தத்துக்கு வாங்கினேன்.

வேலை கிடைத்த விதம் இது. "பிரஷர் குளிசை ஒழுங்காய்ப் போடுறனீங்களோ?" என்று ஒரு டொக்டர் அம்மா கேட்டா. குளிசையைக் காகம் கொண்டுபோனதையும், விழுங்கிய காகம் பிரஷர் இறங்கி மூன்று நாள் எங்கள் முருங்கையில் தலைகீழாய்த் தொங்கியதையும் கண்ணீரோடு சொன்னேன். அவ பேனையை மூடி வைத்துவிட்டு, "ஐயா, என்னட்டை உங்களுக்கு ஒரு வேலை இருக்கு" என்றா.

நான் ஒரு நிபந்தனைதான் வைத்தேன். கோப்பாயில் எங்கள் வீடு இருக்கிற ஒழுங்கையில் ஆட்கள் ஒருத்தரும் அந்தப் பயிற்சிக்கு வரக்கூடாது. 'எய்ட்ஸ்காரனாய் நடிக்கிறார்' என்று யாராவது சொன்னால், 'நடிக்கிறார்' என்ற சொல் எங்கள் சந்தியையே தாண்டாது. மற்றச் சொல் பருத்தித்துறைக் கடலில்தான் போய் நிற்கும். ஐம்பது வருசமாய்க் கட்டிக் காத்த பேர். என் மனிசி பரமேசுக்குக்கூட, பேப்பர் பார்க்கத் திருநெல்வேலி நூலகத்துக்குப் போகிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன்.

நாலாம் நிமிசத்தில் மாமா

முதல் நாள் எனக்கு முன்னால் வந்து இருந்தவ ஒரு நடுவயதுத் தாதி. "உங்கடை பேர் தேவையில்லை ஐயா. நீங்கள் சொல்லுறது இந்த அறையை விட்டு வெளியிலை போகாது" என்று, பாடமாக்கியதை ஒழுங்காய்த்தான் தொடங்கினா. பிறகு வாய் தன் பழைய பழக்கத்துக்குப் போய்விட்டது. "ஐயா எந்தப் பக்கம்?"

எனக்கு எழுதித் தந்த கதையில் ஊர் இல்லை. வாயில் வந்த மானிப்பாயைச் சொன்னேன். "மானிப்பாயிலை எவடம்? ஆரின்ரை மகன்?" என்று அவ இறங்கிவிட்டா. நானும் சளைக்காமல் ஒரு தகப்பனையும் இரண்டு சித்தப்பாமாரையும் கிளிநொச்சியில் கல்யாணம் கட்டின ஒரு அக்காவையும் அந்த இடத்திலேயே பெற்றுக் கொடுத்தேன். நாலாம் நிமிசம், உலகத்தில் பிறவாத என் அக்கா அவவுடைய மாமியாருக்கு மச்சாள் ஆகிவிட்டா. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் விட்ட பொய்க்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார்கள்! அந்தத் தாதிக்கோ முகம் வெளுத்துப் போனது. கையிலிருந்த படிவத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னா:

"ஐயோ, அப்ப நீங்கள் எனக்கு மாமா முறை. மாமாவிட்டை உதெல்லாம் எப்பிடிக் கேக்கிறது?"

பரிசோதகரின் வாய்

இரண்டாம் நாள் ஒரு சுகாதாரப் பரிசோதகர் வந்தார். அவருடைய குரல் சந்தியில் கேட்டால், திறந்து கிடக்கிற வடையெல்லாம் தானாகவே கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிப் படுத்துவிடும். அப்படிப்பட்ட மனிசன். எனக்கு ஆணுறையைப் பற்றி விளங்கப்படுத்த வேண்டும்; அவ்வளவுதான் அவருக்குத் தந்த வேலை.

"ஐயா... அந்தச் சாமான் பாவிக்கிறனீங்களோ?" என்றார். "எந்தச் சாமான் தம்பி?" என்றேன். "அதுதான் ஐயா, பாதுகாப்புக்கு." "ஹெல்மெற்றோ? நான் சைக்கிள்காரன் தம்பி." மனிசன் வியர்த்துப்போனார். சுவரைப் பார்த்தார், ஃபானைப் பார்த்தார், பின்வரிசையில் குலுங்கிக்கொண்டிருந்த மிட்வைஃப்மாரைப் பார்த்தார். கடைசியில் என் காதுக்குக் கிட்டக் குனிந்து, கோயிலில் வரம் கேட்கிறமாதிரிக் கெஞ்சினார்:

"ஐயா, நான் எத்தினை கடைக்குச் சீல் வைச்சனான். உந்த ஒரு சொல்லை மட்டும் நீங்களே சொல்லிவிடுங்கோவன்."

காகிதக் கப்

மூன்றாம் நாள் காலையில், எச்.ஐ.வி. எப்படித் தொற்றும், எப்படித் தொற்றாது என்று படிப்பித்தார்கள். ஒரே தம்ளரில் தண்ணீர் குடித்தால், கைகொடுத்தால், பக்கத்தில் இருந்தால் தொற்றாது. இருபது வருசம் வேலை செய்த ஒரு மிட்வைஃப் எல்லாக் கேள்விக்கும் சரியாய்ப் பதில் சொல்லிக் கைதட்டு வாங்கினா.

பத்தரைக்குத் தேத்தண்ணி வந்தது. எடுத்துக் கொடுத்ததும் அவதான். எல்லாருக்கும் கண்ணாடித் தம்ளர். எனக்கு மட்டும் ஒரு காகிதக் கப்.

பஸ்ஸில் நான் வாங்காத பேச்சா? ஒரு மனிசி என் ரிக்கற் புத்தகத்தையே பிடுங்கி வீசியிருக்கிறா. அப்பொழுதெல்லாம் சிரித்தவன் நான். அன்றைக்கு அந்தக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் நின்றேன். இல்லாத வருத்தத்துக்கே காகிதக் கப் என்றால், இருக்கிறவன் என்ன செய்வான்? "பிள்ளை, நான் நடிக்கிறனான் எண்டு தெரியும்தானே?" என்று மெதுவாய்க் கேட்டேன். அவ கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"தெரியும் ஐயா. எண்டாலும் நீங்கள் நல்லாய் நடிக்கிறியள்."

பிந்தி வந்த பிள்ளை

அன்று பின்னேரம் முழுக்க டொக்டர் அம்மா அந்தக் காகிதக் கப்பை மேசையில் வைத்துத்தான் படிப்பித்தா. அடுத்த நாள் தர்சிகா என்று ஒரு புது மிட்வைஃப் வந்தா. வேலைக்கு எடுபட்டு ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளை. மற்றவர்கள் தொடங்கி மூன்று நாளுக்குப் பிறகு வந்ததால், நான் ஆர் என்பதை அவவுக்குச் சொல்ல எல்லாரும் மறந்துபோனார்கள்.

எனக்கு அது தெரியாது. நான் என் முழு வித்தையையும் காட்டினேன். பதினெட்டு வருசம் கப்பலில் ஓடியதாயும், துறைமுகத்துக்குத் துறைமுகம் இறங்கியதாயும், ஒருமுறை கப்பலையே தவறவிட்டு ஆமையில் ஏறிப் போய்ப் பிடித்ததாயும் சொன்னேன். அவ ஆமைக்குச் சிரிக்கவில்லை. ஊர் கேட்கவில்லை. கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டா. "நான் செத்துப்போவனோ பிள்ளை?" என்றேன். "முதல்லை இரத்த ரெஸ்ற் எடுப்பம் ஐயா. வருத்தம் இருந்தாலும் மருந்து இருக்கு. ஒழுங்காய்ப் போட்டால் எல்லாரையும் போலைக் கனகாலம் இருக்கலாம்" என்று ரெஸ்ற்றுக்கு ஒரு துண்டு எழுதித் தந்தா. எனக்கு உண்மையாகவே கண் கலங்கிவிட்டது. சைக்கிளை எடுக்கப் போனபோது பின்னால் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னா:

"ஐயா, உங்கடை ஒழுங்கையிலை பச்சைக் கேற் வீட்டுக்குப் போன கிழமைதான் நாங்கள் வாடகைக்கு வந்தனாங்கள். பயப்பிடாதையுங்கோ, ரோட்டிலை கண்டாலும் தெரியாத மாதிரித்தான் போவன்."

பரமேசின் சந்தேகம்

நான் சைக்கிள் உருட்டியதா, சைக்கிள் என்னை உருட்டியதா என்று தெரியாமல் வீடு வந்தேன். பச்சைக் கேற்றிலிருந்து எங்கள் வாசலுக்கு நாற்பது அடி. ஒரு சொல் நடந்துவர அது எம்மாத்திரம்?

அந்தத் துண்டை நான் கிழித்துப் போட்டுவிட்டேன். துண்டில் இருந்த நாளுக்கு நான் போகாததைக் கண்டு, பிள்ளை வீட்டுக்கே வந்துவிட்டா. பரமேசிடம், "அன்ரி, டெங்கு நுளம்பு பாக்க வந்தனான்" என்றா. பூச்சாடி, சிரட்டை, கிணற்றடி வாளி எல்லாவற்றையும் குனிந்து பார்த்தா. போகும்போது எனக்குக் கிட்ட இருந்த சிரட்டைக்குக் கீழே ஒரு துண்டு: 'செவ்வாய் காலை.' அடுத்த கிழமையும் வந்தா. அதற்கடுத்த கிழமையும் வந்தா. பரமேஸ் கேற்றைப் பூட்டிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தா:

"இஞ்சருங்கோ, ஒழுங்கை முழுக்க நுளம்பு. அந்தப் பிள்ளைக்கு எங்கடை வீட்டு நுளம்பிலை மட்டும் என்ன இவ்வளவு அக்கறை?"

உண்மை எடுபடாத இடம்

அடுத்த நாள் ஒழுங்கை முடக்கில் தர்சிகாவை மறித்தேன். "பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை. நான் நடிக்கிறதுக்கு வந்த ஆள்." அவ என்னை இரக்கமாய்ப் பார்த்தா. "கனபேர் முதல்லை ஒத்துக்கொள்ளாயினம் எண்டு எங்களுக்குப் படிப்பிச்சவை ஐயா."

"டொக்டரிட்டைக் கேள்!" "உங்கடை பேரைச் சொல்லி ஒருத்தரிட்டையும் கேக்க ஏலாது ஐயா. அது ரகசியம்."

நானே டொக்டருக்குப் போன் எடுத்தேன். அவ தர்சிகாவுக்கு எல்லாவற்றையும் சொன்னா. அப்படியும் பலிக்கவில்லை. டொக்டர் என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொல்கிறா என்று அந்தப் பிள்ளை நினைத்துவிட்டது. எழுபத்திரண்டு வருசத்தில் நான் சொன்ன காகத்தையும் ஆமையையும் நம்பிய உலகத்தில், முதல்தரம் ஒரு உண்மையைச் சொன்னேன், வாங்க ஆளில்லை. டொக்டர் போனில் விழுந்து விழுந்து சிரித்தா:

"இனி ஒரே வழிதான் ஐயா. போய் இரத்தத்தைக் குடுத்து நீங்கள் நடிகர் எண்டு நிரூபியுங்கோ."

இருபது நிமிசம்

செவ்வாய்க்கிழமை போனேன். பகிடிக்குத்தான் போனேன். விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து, இருபது நிமிசம் வெளியே இருங்கோ என்றார்கள். அந்த வாங்கில் இருந்தபிறகுதான் ஞாபகம் வந்தது: சண்டைக்காலத்தில் காலில் ஷெல் துண்டு பட்டபோது, லைற்றில்லாத ஆஸ்பத்திரியில் எனக்கு ஆருடைய இரத்தத்தையோ இரண்டு போத்தல் ஏற்றினார்கள். அத்தனை வருசத்துக்கு முந்தின இரத்தம் இப்ப என்ன செய்யப்போகிறது என்று மூளை சொன்னது. முழங்கால் கேட்கவில்லை. எத்தனை பேருக்கு முன்னால் இந்த நடுக்கத்தை நடித்திருப்பேன்! ஒன்றுகூடச் சரியில்லை. உண்மையான நடுக்கத்துக்குச் சத்தமே கிடையாது.

அப்பொழுது பக்கத்தில் ஒருவர் வந்து இருந்தார். திரும்பினேன். எங்கள் ஊர். நான் தினமும் காண்கிற முகம். அவருக்கும் முகத்தில் உயிர் இல்லை. "பல்லுப் பிடுங்க வந்தனான் அண்ணை" என்றார். "நானும்தான்" என்றேன். பல்லுப் பிடுங்குகிற கட்டடம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

உள்ளே கூப்பிட்டார்கள். எனக்கு ஒன்றுமில்லை. எனக்காக அங்கே வந்து நின்ற தர்சிகாதான் சொன்னா. சொல்லும்போது அவவின் கண்தான் கலங்கியது; நான் நடிகன் என்று இப்போதும் முழுக்க நம்பினமாதிரித் தெரியவில்லை. வந்ததிலிருந்து கேட்க நினைத்ததைக் கேட்டேன். "பிள்ளை, இவ்வளவு நாளும் என்னைப்பற்றி ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ? அம்மாவுக்குக்கூட?"

"என்ன ஐயா கதைக்கிறியள்! அம்மாவுக்குச் சொல்லுறதும் ஒண்டு, லவுட்ஸ்பீக்கர் கட்டுறதும் ஒண்டு."

காகத்தையும் ஆமையையும் கேளுங்கள், கதை கதையாய்ச் சொல்லுவேன். அந்த வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஆர் என்று மட்டும் கேட்டால், ஐயோ, எனக்கு அன்றைக்குப் பல்லுக்குத்து என்று கன்னத்தைப் பொத்திக்கொள்ளுவேன்.