எஸ்தர் அளக்காத அடிப்பக்கம்

பல் துலக்குவதற்கு முன்பே எஸ்தர் பூசணிக்கு முன்னால் மண்டிபோட்டுவிடுவாள். தையல் டேப்பின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுநுனியைக் காயைச் சுற்றி இழுத்து வருவாள். ஒரு டேப் எட்டாமல் போய், இன்னொன்றைச் சேர்த்துத் தைத்திருக்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இடுப்பைச் சுற்றி ஓர் அளவு. காம்பிலிருந்து முதுகின்மேல் ஏறி மூக்குவரை ஓர் அளவு. இந்தப் பக்கத் தரையிலிருந்து அந்தப் பக்கத் தரைக்கு ஓர் அளவு.

மராத்தி பேசும் ஊரான கசார்வாடியில், பட்டறைகளின் பின்சுவரை ஒட்டி அவள் வீடு. பக்கத்துப் போசரியில் இரும்பு உருப்படிகளை அளந்து பார்க்கும் வேலை. அங்கே மயிரிழை மிஞ்சினாலும் கழித்துப் போடுகிறவள், இங்கே மிஞ்ச மிஞ்சச் சிரிக்கிறாள். கொடியில் ஒரே காயை விட்டுவிட்டு மற்ற பிஞ்சையெல்லாம் கிள்ளி எறிந்தாளே, கல்நெஞ்சுக்காரி! ஒரே ராத்திரியில் நாலு விரற்கடை ஏறுகிறது என்றால் அது காயா, பூதமா?

"ஏட்டி, பெத்த பிள்ளைய ஒரு நாளாவது இப்படி அளந்திருக்கியா?" என்பான் புருஷன் ஸ்டீபன்.

"அது எங்க நிக்கி? இதுன்னா ஓடாதுல்லா."

பக்கத்து வீட்டு ராஜஸ்ரீ ஒருதரம் காயைப் பார்த்து விரலை நீட்டிவிட்டாள். பட்டென்று ஓர் அடி. நீட்டினால் அழுகிப்போகும், மடக்கித்தான் காட்ட வேண்டும் என்று இந்தியும் மராத்தியும் கலந்து சண்டை. பாஸ்டர் வந்தாலும் எஸ்தரிடம் அதே சட்டம்தான்.

சும்மா வளர்க்கவில்லை. சாகணில் வேலை பார்த்த கம்பெனி மெஷினில் ஸ்டீபனின் கை மாட்டியபோது, கை பிழைத்தால் சபை கண்டிராத பெரிய காயைப் பழுதில்லாமல் கொண்டுவந்து வைப்பேன் என்று பொருத்தனை செய்திருந்தாள். கை பிழைத்தது. விளைச்சலைச் சபையில் காணிக்கை வைக்கும் அறுப்பின் பண்டிகையும் வந்தது.

முந்தின நாள் நாலு ஆம்பிளைகள் தார்ப்பாயை விரித்து, மூச்சைப் பிடித்துத் தூக்கினார்கள். காய் வெறும் கூடைபோல எழும்பி வந்துவிட்டது! இரண்டு பேர் மல்லாந்து விழுந்தார்கள். கீழேயிருந்து ஒரு பெருச்சாளி குதித்து, எல்லார் கால்களுக்கும் நடுவே ஓடியது.

அழுகாமலிருக்க அவள்தான் அடியில் வைக்கோல் பரப்பியிருந்தாள். அதற்குள் பெருச்சாளி வளை தோண்டி வந்து, சதையையெல்லாம் தின்று தீர்த்திருக்கிறது. வெளியே தோல் ஏறிக்கொண்டே இருந்ததாம், உள்ளே ஒன்றுமில்லையாம். கேட்டதுண்டா இப்படி?

ராஜஸ்ரீ ஓட்டையைக் காட்ட விரலை நீட்டப் போனவள், தானே மடக்கிக்கொண்டாள். மாட்டுக்குப் போட்டுவிடலாம், கடையில் வேறு வாங்கி வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"பழுதுதான்," என்றாள் எஸ்தர். "எம்புட்டுப் பழுதுன்னு சொல்லிட்டுத்தான் வைக்கணும்."

கழுத்திலிருந்த டேப்பை உருவினாள். மண்டிபோட்டு, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஓட்டையைச் சுற்றி அளக்கத் தொடங்கினாள்.