அக்காவுக்கு ஒரு விலை, எனக்கு ஒரு விலை

சிட்னியில் இருக்கும் அக்காவும் தருமபுரியில் இருக்கும் நானும் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரே சுற்றுலாக் கப்பலில் இடம் பதிவு செய்தோம். அறையும் ஒரே வகைதான். ஆனால் எனக்குக் கட்டணம் குறைவு. கெட்டிக்காரத்தனமாகப் பதிவு செய்துவிட்டதாக எனக்குள் பெருமை.

கடைசி நாளில் ஊழியர்களுக்கான டிப்ஸ் என்று எனக்கு மட்டும் ஒரு பில் வந்தது. அக்காவின் டிக்கெட்டில் அது சேர்ந்தே இருந்தது. அதைக் கழித்துப் பார்த்தாலும் அவள் கொடுத்தது அதிகம்தான். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் காரணம் கேட்டேன். அந்தந்த நாட்டுக்காரர்களால் எவ்வளவு கொடுக்க முடியும் என்று பார்த்துத்தான் விலை வைப்பார்கள் என்றாள்.

அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நான் பணக்காரி ஆயிட்டேன்னு அவங்களே முடிவு பண்ணிட்டாங்களாடா?" என்று சிரித்தாள்.

அங்கே அவள் இரண்டு வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். என்னால் சிரிக்க முடியவில்லை.