துருவிலிருந்து தொடங்கிய சைக்கிள்

எங்கள் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஒரு சட்டம் இருக்கிறது. சாரதிக்கு நேர் பின்னால் இருப்பவருடைய பென்ட்ரைவ்தான் அன்றைக்குப் பாடும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது, ஆனால் யாரும் மீறியதில்லை. தண்ணீரூற்றில் காலை ஐந்தேகாலுக்கு பஸ் புறப்படும். நான் நாலே முக்காலுக்கே தரிப்பிடத்தில் நிற்பேன். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விடும் என்ற பயம் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில் பிடித்தது, ஏழு வருடமாகியும் விடவில்லை. அடையாள அட்டை பையில் இருக்கிறதா, அடுப்பை அணைத்தேனா, சாப்பாட்டுப் பெட்டியின் மூடி இறுகியிருக்கிறதா என்று அந்த அரை மணி நேரமும் பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்தப் பயத்தால் எனக்குக் கிடைத்த லாபம் அந்த இருக்கை. முல்லைத்தீவிலிருந்து கிளிநொச்சி வரைக்கும் நாற்பது பெண்கள் காலையில் எதைக் கேட்பது என்பதை அநேகமாக நான்தான் தீர்மானித்தேன்.

போன வருடம் நான் போட்டது ஒரு பங்க் ரொக் அல்பம்.

பங்க் என்றால் என்னவென்று எனக்கும் அதுவரைக்கும் தெரியாது. கிற்றாரை உடைப்பதுபோல வாசித்து, மூச்சு விடாமல் ட்ரம்ஸ் அடித்து, தொண்டை கிழியப் பாடுவது. பாரிஸில் இருக்கிற எங்கட பிள்ளைகள் மூன்று பேர் தமிழில் செய்தது. பதினொரு பாட்டுகள், ஆனால் ஒரே கதை. கதையைச் சொல்வது ஒரு சைக்கிள். இடம்பெயர்ந்து போன சனம் வழியில் விட்ட சைக்கிள்களில் ஒன்று.

அது எங்களிடம் வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லவேண்டும். என் பக்கத்தில் இருப்பவர் முல்லைத்தீவுக் கரையில் ஏறுகிற அக்கா. அவருக்கு நான் தினமும் யன்னல் பக்கத்தைப் பிடித்து வைப்பேன். தொழிற்சாலையிலும் இரண்டு பேரும் ஒரே லைன்; நான் சட்டைக்குக் கொலர் பிடிப்பேன், அவர் கை பூட்டுவார். அக்காவின் தம்பி பாரிஸில் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவுகிறான். அவன்தான் பாட்டுகளைப் போனுக்கு அனுப்பினான். அக்காவின் வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் காட்டும். டேற்றா போட்டால் பிள்ளைகளின் பாடத்துக்கும் அதுதான், கடலுக்குப் போகிற மனிசன் காற்றுப் பார்ப்பதற்கும் அதுதான். அதனால் எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதையே அக்காவும் செய்தார். எதன் கீழே குறைந்த அளவு எழுதியிருக்கிறதோ அதை முதலில் இறக்கினார். குட்டிப் பாட்டு முதல் நாள், அதைவிடக் கொஞ்சம் பெரியது அடுத்த நாள் என்று, ஆகப் பெரியது கடைசியாக. இறங்க இறங்க எனக்கு அனுப்பினார். நான் அந்த வரிசையிலேயே போன் கடையில் கொடுத்துப் பென்ட்ரைவில் ஏற்றினேன். எதற்கெல்லாமோ பயப்படுகிற நான் இதற்கு மட்டும் பயப்படவில்லை.

முதல் பாட்டு நாற்பது செக்கன். மணி இல்லை, பிரேக் இல்லை, சீற் இல்லை, நான் ஆர் என்று ஒரு பெண் குரல் கத்தும். சைக்கிள் துருப்பிடித்த குவியலுக்குள் கிடக்கிறது. அவ்வளவுதான்.

“பிள்ளை, இது பாட்டோ, இல்லாட்டி என்ர கியர்பொக்ஸ் போச்சுதோ?” என்று சாரதி அண்ணை கேட்டார்.

“பாட்டுத்தான் அண்ணை.”

“அப்ப ஏன் அந்தப் பிள்ளை இப்பிடிக் கத்துது? ஆராவது தண்ணி குடுங்கோவன்.”

பின்னால் இருந்து ஒருத்தி எழும்பினாள். “அக்கா, சினிமாப் பாட்டைப் போடுங்கோ. இதைக் கேட்டு நித்திரை கொள்ளேலாது!”

நான் மாற்றவில்லை. பாட்டுகள் ஒவ்வொன்றாக நீண்டன. ஒன்றில் அதன் ரியூப்பை வெட்டி யாரோ தறப்பாள் கூடாரம் கட்டுகிறார்கள். ஒன்றில் செயின் இல்லாமல் தண்ணீர்க் கான்களைச் சுமந்து உருளுகிறது. பிறகு ஒன்றில், மணியைத் தவிர எல்லாம் பூட்டியபடி, ஒரு தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போகிறது. கடைசிப் பாட்டு ஒன்பது நிமிடம். ஒரு தகப்பன் கிளிநொச்சி ரவுணில் அதைப் புதிதாக வாங்கி, மகளை முன் பாரில் இருத்திக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். கடைசி ஒரு நிமிடம் கிற்றாரும் இல்லை, ட்ரம்ஸும் இல்லை. சைக்கிள் மணி மட்டும்.

அந்த மணி கேட்டதும் அண்ணை அக்சிலேற்றரிலிருந்து காலைத் தூக்கி, வேகத்தைக் குறைத்து, கண்ணாடியைப் பார்த்து, சைக்கிளுக்கு விலத்துவதற்கு ஸ்டீயரிங்கைத் திருப்பினார். றோட்டில் ஒருவரும் இல்லை.

“அண்ணை, அது பாட்டில வாற சைக்கிள்!” என்று அக்கா சொல்ல முழு பஸ்ஸும் சிரித்தது. அண்ணைக்கு முகம் கறுத்துவிட்டது.

அடுத்த கிழமையிலிருந்து வாக்குவாதம் தொடங்கியது. புதுக்குடியிருப்பு தாண்டினால் பரந்தன் வரைக்கும் அதுதான்.

“பாட்டெண்டால் ஒருத்தர் பாடவேணும். இது சண்டை,” என்பார் அண்ணை. “அதுகள் இஞ்ச இருந்ததுகளோ? அங்க குளிருக்க இருந்துகொண்டு எங்கட சைக்கிளைப் பற்றிக் கத்துகினம்.”

“என்ர தம்பி பன்ரெண்டு மணித்தியாலம் கோப்பை கழுவுறான். அவனுக்குக் கத்த ஏலாதோ?” என்பார் அக்கா.

“கத்தட்டும். ஆனா கதையையாவது ஒழுங்காச் சொல்லட்டும். முதலே துருப்பிடிச்சுக் கிடக்குது, கடைசியில போய்க் கடையில வாங்குகினம். ஆரடி கேட்டது இப்பிடி?”

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். “அண்ணை, அதுதான் இதில விசயமே. பாட்டுகள் போகப் போக நீளுது, பாத்தனீங்களோ? முதல்ல சீற்றும் இல்லை, பிரேக்கும் இல்லை. பிறகு செயின் வருது, ரயர் வருது, கடைசியா மணி வருது. அவை சைக்கிளைத் திருப்பிப் பூட்டுகினம்.”

அண்ணை கியரை மாற்றினார். பின்னால் இருந்த நாலு பேர் “ஓம் என்ன” என்றார்கள். நான் சொன்ன ஒரு கருத்துக்கு நாலு பேர் தலையாட்டியது எனக்கு நினைவு தெரிய அதுதான் முதல் தடவை.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். யுத்தம் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் நாலு மைல் தள்ளி இருந்தது. அப்பாவின் சைக்கிளை எந்த இடத்தில் விட்டோமோ அந்த இடத்தோடு அது போய்விட்டது. ஒரு வருடம் நடந்து பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். அதைப் பெரிய சோகமாக நான் சொல்வதில்லை. யாராவது எதுவரைக்கும் படித்தாய் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன், அவ்வளவுதான்.

அல்பம் வந்து ஒரு வருடமான கையோடு, பாட்டுக்காரப் பிள்ளைகள் கேட்டவர்களின் கருத்தைக் குரலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அக்கா என்னை விடவில்லை. “பஸ்ஸில அண்ணையை வாயடைக்கப் பண்ணினனி. இதையும் சொல்லு.” மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் நின்று, ஆறு நிமிடம் பேசி அனுப்பினேன். இந்த அல்பத்தில் ஆகத் திறமான விசயம் பாட்டுகளின் வரிசைதான் என்று அடித்துச் சொன்னேன். அடுத்த நாளே பதில் வந்தது. வருகிற பௌர்ணமி விடுமுறையான போயா அன்று போனில் எல்லாரும் கூடிப் பேசப்போகிறார்களாம். என் குரலை அதில் போடுவார்களாம். நானும் வந்து பேச வேண்டுமாம்.

இரண்டு நாள் நான் நிலத்தில் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அக்காவின் தம்பி போன் எடுத்தான். எங்களிடம் உள்ள வரிசையைக் கேட்டு, நெடுநேரம் சிரித்தானாம். உண்மையான அல்பத்தில் ஒன்பது நிமிடப் பாட்டுத்தான் முதலாவது. பிறகு ஒவ்வொன்றும் குறுகும். சைக்கிள் ஒவ்வொன்றாகக் கழன்று கழன்று, கடைசியில் நாற்பது செக்கனில் குவியலுக்குள் முடியும். நாங்கள் முழுவதையும் தலைகீழாகக் கேட்டிருக்கிறோம்.

அக்கா இதைச் சொன்னபோது கொலர் ஒன்றைக் கோணலாகப் பிடித்துவிட்டேன். பிறகு இன்னொன்றை. எனக்கு நடக்கப்போவது எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. என் குரலை அந்தக் கூட்டத்தில் போடுவார்கள். அல்பத்தில் இல்லாத ஒரு வரிசையை நான் புகழ்ந்துகொண்டே போவேன். லண்டன், கனடா என்று எல்லாரும் சிரிப்பார்கள். யார் இது, எதுவரைக்கும் படித்தது என்று ஒருவர் கேட்பார். அனுப்பியதை அழிக்கப் பார்த்தேன். அவர்கள் கேட்டு முடித்திருந்தார்கள்.

“சிக்னல் இல்லையெண்டு சொல்லிப்போட்டு வராமல் விடு. எங்கட பக்கம் அதை எல்லாரும் நம்புவினம்,” என்றார் அக்கா.

“குரலைப் போடுவினமே அக்கா.”

“வேண்டாமெண்டு எழுதிவிடு.”

எழுதினேன். அனுப்பவில்லை. முதலில் சரியான வரிசையில் ஒருமுறை கேட்டுவிட்டு அனுப்புவோம் என்று நினைத்தேன். தம்பி வரிசையைச் சொல்ல, போன் கடையில் பழைய வரிசைக்குப் பக்கத்தில் அதையும் ஏற்றி, காலையில் பஸ்ஸில் போட்டேன்.

“நான் அப்பவே சொன்னனான், கதை பிழையெண்டு,” என்று அண்ணைக்குப் பெரிய சந்தோசம். “இப்ப பாருங்கோ, வாங்கிறது முதல், துரு கடைசி. இதுதான் முறை.”

ஆனால் பாட்டுகள் குறுகக் குறுக அவருடைய பேச்சும் குறைந்தது. யாரும் சினிமாப் பாட்டுக் கேட்கவில்லை. பரந்தனுக்குக் கிட்ட அந்த நாற்பது செக்கன் வந்து, முடிந்து, ஸ்பீக்கர் வெறுமனே இரைந்தது.

“இதென்னடியப்பா, வேலைக்குப் போற நேரத்தில,” என்றாள் பின்னால் இருந்தவள்.

அப்போது எனக்கு ஒன்று விளங்கியது. பயத்துக்குள் நான் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். நான் சொன்னது பிழையான அல்பத்தைப் பற்றி. ஆனால் சொன்னது பிழை இல்லை. எங்கள் வரிசைதான் திறம். கழன்று கழன்று போனதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதை ஒருவர் கத்திக் காட்டத் தேவையில்லை. பூட்டிக் காட்டியதுதான் புதுசு. எழுதி வைத்திருந்ததை அழித்தேன்.

போயா அன்று அக்காவின் வீட்டு மேசையில் சீனிப் பேணியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தோம். நான் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன். சின்னச் சின்னப் பெட்டிகளில் அறுபது எழுபது முகங்கள். எனக்கு முன்னால் பேசியவர் லண்டனில் பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிறவர். பாட்டுகள் குறுகிக்கொண்டே போவதுதான் இந்த அல்பத்தின் உயிர் என்று விளக்கினார். எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு, “வன்னியில இருந்து ஒரு அக்காவின்ர குரல் இருக்கு,” என்று பாடுகிற பிள்ளை சொன்னது.

“குரலைப் போடாதேங்கோ, நானே சொல்லுறன்,” என்றேன். என் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. “அந்தக் குரலில நான் சொன்ன வரிசை உங்கட வரிசை இல்லை. நாங்கள் டேற்றா போதாமல் குட்டிப் பாட்டை முதல்ல இறக்கினாங்கள். ஒரு வருசமாக் கடைசியில இருந்து முதலுக்குக் கேட்டிருக்கிறம்.”

சிரித்தார்கள். நான் பயந்த சிரிப்புத்தான். முடியும்வரைக்கும் பொறுத்திருந்தேன்.

“இப்ப உங்கட வரிசையிலயும் கேட்டனான். எங்கடதுதான் திறம்.”

சிரிப்பு நின்றது. ஏன் என்று சொன்னேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றதையும் சொன்னேன், சைக்கிள் இல்லாமல் நின்றேன் என்பதையும். அது கதைக்குள் தேவையாக இருந்தது, சொல்லிவிட்டேன்.

பாடுகிற பிள்ளை தலையை ஆட்டியது. “இல்லை அக்கா. அந்த நாப்பது செக்கனுக்குப் பிறகு ஒண்டும் வரக்கூடாது. நீங்கள் சொல்லுறது ஆறுதல். நாங்கள் ஆறுதலுக்குப் பாடேல்லை.”

“நானும் ஆறுதலுக்குக் கேக்கேல்லை தங்கச்சி. வேலைக்குப் போறதுக்குக் கேக்கிறனான். காலமை போய் முந்நூறு கொலர் பிடிக்க வேணும்.”

“எண்டாலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டன்.”

“ஒத்துக்கொள்ளாதேங்கோ. ஆனா ஒருக்கா எங்கட மாதிரிக் கேளுங்கோ. குட்டியில இருந்து பெரிசுக்கு. பிறகு சண்டை பிடிப்பம்.”

அந்தப் பிள்ளை முதல்முறையாகச் சிரித்தது. லண்டன்காரர் ஏதோ சொல்ல வந்தார். அந்த நேரம் பார்த்து எங்கள் சிக்னல் போய்விட்டது.

“உண்மையாப் போட்டுது, பாத்தியே,” என்றார் அக்கா. “நீ பயந்துதான் ஓடினதெண்டு நினைக்கப்போயினம்.”

எழும்பிப் போய்த் தேத்தண்ணி வைத்தேன்.

அடுத்த நாள் காலை நாலே முக்காலுக்குத் தரிப்பிடத்தில் நின்றேன். அடையாள அட்டை இருந்தது. பஸ் வந்தது. நான் வழமையான இடத்தில் இருந்து பென்ட்ரைவை நீட்ட, அண்ணை அதை வாங்காமல் திரும்பிப் பார்த்தார்.

“எந்தப் பக்கத்தால?”

“துருவில இருந்து.”

“அது பிழையான வரிசையெல்லோ?”

“ஓம் அண்ணை. போடுங்கோ.”

முணுமுணுத்துக்கொண்டு செருகினார். முல்லைத்தீவில் அக்கா ஏறினார். புதுக்குடியிருப்பில் செயின் வந்தது, அதற்கு அப்பால் ரயர் வந்தது. கடைசியில் எல்லாம் அடங்கி மணி மட்டும் கேட்டபோது, நான் அண்ணையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வருடமாகக் கேட்கிற மனிசன். கால் மெதுவாக மேலே வந்தது. கண்ணாடியை ஒருமுறை பார்த்தார், பஸ்ஸைக் கொஞ்சம் ஒதுக்கினார்.

“பள்ளமொண்டு,” என்றார், நாங்கள் ஒன்றும் கேட்காமலே.