மச்சாளின் மூத்த பிள்ளை

ஸ்கான் அறையில் மருத்துவர் பேச்சைச் சட்டென்று நிறுத்திய அந்தக் கணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அதுவரை எங்கள் ஊரான பேசாலையில் இப்போது என்ன மீன் படுகிறது என்று மச்சாளிடம் சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், கருவியை அவளுடைய வயிற்றில் ஒரே இடத்தில் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மச்சாள் என் அண்ணனின் மனைவி. நெடுங்காலம் காத்திருந்து தங்கிய முதல் கரு, மூன்றாம் மாதம். அண்ணன் கடலுக்குப் போயிருந்ததால் நான் துணைக்குப் போயிருந்தேன்.

மருத்துவர் கதிரையை அவளருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ரெண்டு காலும் ஒண்டாச் சேர்ந்து வளருது, அம்மா. சிறுநீரகமும் காணேல்லை. ஆயிரத்தில ஒருத்தருக்கும் வராத குறை இது. இப்ப பிள்ளையைச் சுத்தித் தண்ணி இருக்கிறபடியாத்தான் தெரியுது. பிந்தி வந்திருந்தா தண்ணி வத்தி, ஒண்டும் சரியா விளங்கியிராது.”

“பிள்ளை தப்புமோ, டொக்டர்?”

“உங்கட வயித்துக்குள்ள இருக்கலாம். பிறந்தாப் பிறகு மூச்சுவிட ஏலாது. ஆணோ பெண்ணோ எண்டுகூடச் சொல்ல ஏலாமப் போகலாம்.”

பெரியாஸ்பத்திரியிலும் அதையே சொன்னார்கள். இப்படியான கருவைக் கலைக்க இந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. இந்தியாவுக்குப் போய்க் கலைப்போம் என்றான் அண்ணன்; அங்கே அகதி முகாமில் வளர்ந்தவனுக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.  பல நாள் கழித்து மச்சாள், “எனக்குள்ள இருக்குமட்டும்தான் அதுக்குச் சீவியம். அதையாவது இருந்திட்டுப் போகட்டும்” என்றாள். “சாகப்போற பிள்ளையையோ சுமக்கப்போறாய்?” என்று கத்திவிட்டு அவன் வெளியே போனான். அதன்பிறகு அவளுடைய வயிற்றை அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. இன்னொருத்தி வேறு முடிவு எடுத்திருந்தால் அவளையும் நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். இது மச்சாளின் முடிவு, அவ்வளவுதான்.

அவள் எதையும் ஒளிக்கவில்லை. மாதா கோவில் வாசலில் வயிற்றைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தவர்களிடம், “இந்தப் பிள்ளை தங்காது அக்கா, செபியுங்கோ” என்று நேராகவே சொன்னாள். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்; சிலர் எங்கள் வீட்டுப் பக்கம் வருவதையே நிறுத்தினார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துமென்று அருள் என்ற பெயரைத் தேர்ந்து வைத்தாள். பிறந்ததும் பிள்ளையை ஒருவரும் படம் எடுக்கக் கூடாது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டாள்.

எட்டாம் மாதம் பிள்ளை பிறந்தது. தாதி அதை மார்புவரை துணியால் சுற்றி அவளிடம் கொடுத்தாள். அண்ணன் விறாந்தையை விட்டு அசையவில்லை. உள்ளிருந்து மச்சாள் கூப்பிட்டாள்: “முகத்தை மட்டும் வந்து பாருங்கோ. உங்கட நெத்தி.”

அவன் போனான். குருவானவரை அழைக்க நேரமில்லாததால், தாதி நீட்டிய தண்ணீரை அவனே அந்த நெற்றியில் மூன்று தரம் வார்த்து, பிதாவின், சுதனின், பரிசுத்த ஆவியின் பெயரால் அருள் என்று ஞானஸ்நானம் கொடுத்தான். நெற்றியின் ஈரம் காயுமுன் மூச்சு நின்றுவிட்டது. அவன் சுவரில் தலையை முட்டி அழுதான். மச்சாள் அழவில்லை. அடக்கத்தன்றும் அழவில்லை. அவளுக்கு நெஞ்சு கல் என்று ஊரில் சொன்னார்கள்.

இந்த வருடம் அவள் மறுபடி உண்டானாள். அதே அறை, அதே மருத்துவர். இம்முறை அண்ணனும் கடலுக்குப் போகாமல் வந்திருந்தான். மருத்துவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இரண்டு கால்கள், தனித்தனியாக, மாறிமாறி உதைத்துக்கொண்டிருந்தன. மச்சாள் வாய்விட்டு அழத் தொடங்கினாள். மருத்துவர் பதறிப்போனார்.

“எல்லாம் வடிவா இருக்கம்மா. ஏன் அழுறீங்கள்?”

“அருளுக்கு இப்பிடி ஒருக்காலும் உதைக்கக் கிடைக்கேல்லையே, டொக்டர்.”