வீடு போட்ட குட்டி

தாடைக்குக் கீழே கத்தி நிற்கும்போதுதான் அவர் கேட்பார். "சார், தெரிஞ்சவங்க யாராவது வாடகைக்கு வீடு தேடறாங்களா?" கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்டால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? கண்ணாடியைப் பார்த்து, "விசாரிக்கிறேன்" என்போம். "நல்ல வீடு சார். காத்து பிச்சுக்கிட்டு வரும்." தண்ணீர் வருமா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் முகத்தில் இன்னொரு கை சோப்பு நுரையை அப்பி வாயை அடைத்துவிடுவார்.

தெருமுனை சலூன்காரர். ஒல்லி உடம்பு, ஓயாத வாய். தலையில் முடி இல்லாத இடத்திலும் கத்தரி வெறும் காற்றை வெட்டிக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் பின்மண்டையைக் காட்டக் கைக்கண்ணாடி பிடிப்பது போய், இப்போதெல்லாம் கைபேசியில் அந்த வீட்டின் படத்தைப் பிடிக்கிறார்.

சலூனுக்குப் பின்னால் சந்தில் அவர் குடியிருக்கும் வீடு இருக்கிறது. அவரும் அவர் மனைவியும் (எங்கள் தெருவுக்கே அவர் அக்கா) வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கடனை அடைத்த வீடு. பத்திரம் கைக்கு வந்த வாரம், இதே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பேங்க்காரர் சொன்னாராம்: "சுவத்துக்குள்ள உங்க பணம் சும்மா தூங்குதே, எழுப்பி விடுங்க." மீட்ட வீட்டை மறுபடி அடமானம் வைப்பது, வந்த பணத்தில் இன்னொரு வீடு வாங்குவது, அதன் வாடகையில் தவணை கட்டுவது. "வீடு குட்டி போடும் சார்! நாம காலாட்டிக்கிட்டு உக்காந்திருக்கலாம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். எனக்குக்கூடப் பொறாமையாக இருந்தது.

குட்டி நோஞ்சானாகப் போயிற்று. வாங்கிய வீடு நாலாவது மாடியில்; அங்கே தண்ணீர் ஏறவில்லை. குடிவந்தவர்கள் குடம் தூக்கி அலுத்துப்போய் ஓடிவிட்டார்கள். வட்டி ஏறியது. விற்றுத் தொலைக்கலாமென்றால், அதே கட்டடத்தில் இன்னும் பல வீடுகள் விலைபோகாமல் கிடக்கின்றன. தவணை தவறித் தவறி, கடைசியில் பேங்க் கெடு வைத்துவிட்டது. விலைபோகக்கூடியது குடியிருக்கும் வீடு ஒன்றுதான்.

"தலைக்கு மேல ஒரு கூரை இருந்துச்சு. பத்தாதுன்னு இன்னொண்ணு கேட்டோம்" என்றார் அக்கா. திட்டித் தீர்த்திருந்தால் தேவலை. தானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டவர், யாரைத் திட்டுவார்?

போன வாரம் சந்து வீட்டை விலைக்குப் பார்க்க ஆள் வந்தபோது, "கூட வந்து நில்லுங்க சார், எனக்குப் பேச்சு வராது" என்றார். இவருக்கா பேச்சு வராது! வந்த புருஷனும் பெண்டாட்டியும் நேராகப் போய்க் குழாயைத் திறந்தார்கள். சோவென்று கொட்டியது.

"எப்பவும் இப்படித்தான் வருமா?"

"வரும்."

"வேற ஏதாவது குறை இருக்கா?"

"இல்ல."

அந்த மாடி வீட்டுக்காக எத்தனை பொய் சொல்லியிருப்பார். இந்த வீட்டுக்கு ஒரு பொய்கூட வேண்டியிருக்கவில்லை. அக்கா அடுப்படியில் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். வந்தவர்களுக்கு வீடு பிடித்துவிட்டது. முன்பணத்தை மேசைமேல் வைத்தார்கள்.

தெருவரை போய் அவர்களை வழியனுப்பிவிட்டுத் திரும்பினோம். கதவு திறந்தே கிடந்தது. அவர் செருப்பைக் கழற்றி, வழியில் இடறாதபடி ஓரமாக ஒதுக்கி வைத்தார். பிறகு அழைப்புமணியை அழுத்தினார்.

"தொறந்துதானே இருக்கு, உள்ள வாங்களேன்" என்றது அக்காவின் குரல்.

அவர் போகவில்லை. சட்டையில் ஒட்டியிருந்த யார் யாருடைய முடியையோ தட்டிவிட்டுக்கொண்டு, அக்கா வந்து கூப்பிடும்வரை வாசலிலேயே நின்றார்.