அம்மாவுக்குக் கால் எட்டாத ஸ்கூட்டர்

எங்கள் வீட்டுக்கு ஸ்கூட்டர் வந்த அன்று நான் பள்ளிக்கூடம் போகவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன். வயிற்றில் ஒன்றுமில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் யாரும் என்னை விரட்டவில்லை. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, வாலாஜாபேட்டையில் தெரிந்தவர் ஒருவரிடம் அந்தப் பழைய வண்டியை வாங்கி, ஆம்பூரைத் தாண்டி எங்கள் ஊர் வரை தானே ஓட்டிக்கொண்டு வந்தார். தெருமுனையில் ஆரம்பித்த ஹாரனை எங்கள் வாசலில் வந்துதான் நிறுத்தினார். சாம்பல் நிறம். இடதுபக்கக் கண்ணாடி இல்லை. என் கண்ணுக்கு அது விமானமாகத்தான் தெரிந்தது.

அப்போது எனக்குப் பத்து வயது. அம்மா ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் இருந்தாள். கம்பெனி வேன் வந்து ஊர்ப் பெண்களை அள்ளிக்கொண்டு போகும். எங்கள் ஊரிலிருந்து போகிறவர்கள் மூன்று பேராகக் குறைந்துவிட்டதால், அடுத்த மாதம் முதல் வேன் வராது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸை நம்பினால் எட்டு மணிக்குள் கேட்டுக்குள் நுழைய முடியாது. சொந்த வண்டியில் வரலாம், ஆனால் லைசென்ஸ் இருந்தால்தான் வாட்ச்மேன் உள்ளே விடுவார். வண்டி பழகுவதற்கான எல்.எல்.ஆர். ஏற்கெனவே போட்டாகிவிட்டது. மிச்சம் இருந்தது இருபது நாள். அதற்குள் அம்மா ஸ்கூட்டர் பழகி, பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் எட்டு போட்டுக் காட்ட வேண்டும். தவறினால் வேலை போய்விடும்.

அப்பா ஓட்டிக்கொண்டு போய் விடலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். அப்பா அதே ரோட்டில் இன்னொரு கம்பெனியில் ஷூக்களைப் பெட்டியில் அடுக்கும் வேலையில் இருந்தார். அவரிடம் ஒரு பைக்கும் இருந்தது. அதை முந்தின வருஷம் விற்றுவிட்டார்கள். பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கிறது என்று எனக்குச் சொன்னார்கள். அதற்கப்புறம் அப்பா எந்த வண்டியின் ஹாண்டில்பாரையும் தொடவில்லை. அப்பாவுக்குச் சோம்பல் என்று நானே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தெருவே சுற்றி நின்று பார்த்தது. அம்மா குள்ளம். அதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்லும் தைரியம் எங்கள் தெருவில் யாருக்கும் கிடையாது. இரண்டு கால் கட்டைவிரல்களின் நுனி மட்டும் மண்ணைத் தொட்டும் தொடாமலும் ஆடின. வண்டி ஒரு பக்கம் சாய, நாலு பேர் ஓடிவந்து பிடித்தார்கள்.

"இது ஒரு மேட்டரே இல்லக்கா. பின்னால எறக்கிட்டா போதும்" என்றார் மாமா.

மாமா ஒரு கம்பெனியில் மிஷின்களைப் பழுதுபார்க்கும் ஆள். ஒரு மிஷினைத் தொட்டுவிட்டால் சரிசெய்யாமல் விடமாட்டார், அது சரியாக இருந்தாலும்கூட. அவர் செய்யப் போவதை எனக்கும் விளக்கினார். ஸ்கூட்டரின் பின்சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவே நிற்கும் ஷாக் அப்சர்பரின் மேல்முனை, சீட்டுக்கு அடியில் ஒரு போல்டில் மாட்டியிருக்கும். அந்த இடத்தில் துளை போட்ட ஓர் இரும்புப் பட்டையைப் பொருத்தி, ஷாக்கை இன்னும் உயரமான துளையில் மாட்டினால், வண்டியின் உடம்பு அந்த அளவுக்குத் தரையை நோக்கி இறங்கிவிடும். மேலே மாட்டினால் வண்டி எப்படிக் கீழே போகும் என்பது எனக்குப் புரிய இரண்டு நாள் ஆனது. புரிந்தபோது நான் வகுப்பில் எழுந்து நின்று சொல்லிவிட்டேன், டீச்சர் நடத்திக்கொண்டிருந்தது ஆறுகளைப் பற்றி.

எவ்வளவு இறக்குவது? அளவெடுப்பதில்தான் மாமா கோட்டைவிட்டார். எங்கள் பக்கத்து வீடுகளில் நல்ல செருப்பு இருக்கிறதோ இல்லையோ, கம்பெனியில் கழித்துக்கட்டிய ஏற்றுமதி ஷூ ஒரு ஜோடியாவது இருக்கும். தையல் கோணல், சாயம் திட்டு, ஏதோ ஒன்று. அம்மாவிடம் அப்படி ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது, எந்தக் குளிர்தேசத்துப் பெண்ணுக்கோ தைத்தது, முழங்கால்வரை வரும். வண்டி ஓட்டினால் காலுக்குப் பாதுகாப்பு என்று புடவைக்கு அடியில் அதைப் போட்டுக்கொண்டு அளவுக்கு உட்கார்ந்தாள். மாமா குதிகாலிலிருந்து தரைவரை டேப் பிடித்தார். ஒன்றேகால் அங்குலம் கம்மி என்று குறித்துக்கொண்டு போய்ப் பட்டையை அடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அம்மா ரப்பர் செருப்போடு ஏறினாள். கால் மறுபடியும் அந்தரத்தில் தொங்கியது. மாமா பட்டையைத் திட்டினார், டேப்பைத் திட்டினார், வண்டியை விற்றவரைத் திட்டினார். பூட்ஸுக்கு இரண்டு அங்குல ஹீல் இருந்தது, ஷூ ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஒருவர் தலைக்கும் அது ஏறவில்லை. கண்டுபிடித்தது நான்தான். அதைச் சொன்னபோது அப்பா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. மாமா போய் மூன்று துளை வைத்த நீளமான பட்டையோடு திரும்பிவந்தார். கீழ்த்துளை வண்டியின் பழைய உயரம். மேல்துளையில் மாட்டியதும், ரப்பர் செருப்போடேயே அம்மாவின் இரண்டு பாதமும் தரையில் படிந்தன.

அந்தச் சாயங்காலங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கால் தரையில் நிற்காது. அம்மா வேலை முடிந்து வந்ததும் ஏரிக்கரைப் பக்கம் வெட்டவெளியில் வண்டியை எடுப்பாள். மாமா சுண்ணாம்புத்தூளில் பெரிய எட்டு வரைந்து வைப்பார். நான் பின்னால் ஓடுவேன். முதல் வாரம் அம்மா எட்டு போடவில்லை, முட்டை போட்டாள். இரண்டாம் வாரம் எட்டு வந்தது, ஆனால் வரைந்த எட்டுக்கு வெளியே. திருப்பும்போது ஹாண்டில்பார் இழுக்கிறது, மாவு பிசைகிற மாதிரி இருக்கிறது என்றாள். பின்பக்கம் இவ்வளவு இறங்கினால் முன்சக்கரம் மூக்கைத் தூக்கிக்கொள்ளும், திரும்ப அடம்பிடிக்கும் என்று மாமாவுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் செய்த வேலையை யார்தான் குறைசொல்வார்கள்?

"பழகப் பழக சரியாயிடும்க்கா. கால் எட்டுதா இல்லியா, அத்த பாரு."

ஒருநாள் அம்மா அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வரப் பார்த்தாள். அப்பா நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், எடையும் உண்டு. ஏறியதுதான் தாமதம், பின்சக்கரம் மட்கார்டில் உரசி டர்ரென்று கத்தியது. அப்பா உடனே இறங்கிவிட்டார்.

"நான் பஸ்லயே போய்க்கிறேன்" என்றார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே.

"அக்கா தனியா போவப் போவுது. உங்கள எதுக்கு மாமா ஏத்தணும்?" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு மாமா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். விரல் நுழையவில்லை.

பின்சீட் யாருக்கு என்பதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. இனிமேல் ஷேர் ஆட்டோவில் பதினோரு பேரோடு நசுங்கிக்கொண்டு வரமாட்டேன், எங்கம்மா ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்குவாள் என்று வகுப்பில் ஏற்கெனவே அறிவித்திருந்தேன். அம்மா தோற்றால் அவளுக்கு வேலை போகும், எனக்கு மானம் போகும். எனக்கு இரண்டும் ஒரே கனமாகத்தான் இருந்தன.

டெஸ்ட் அன்று விடியும்போதே விழித்துவிட்டேன். வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், அம்மா ஸ்கூட்டரை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பக்கத் தகட்டைக் கழற்றிவைத்துவிட்டு, கையில் மாமாவின் ஸ்பேனரோடு குந்தியிருந்தாள். தையல் மிஷினில் தோலின் கனத்துக்கு ஏற்ப எல்லாவற்றையும் தானே ஏற்றி இறக்கிக்கொள்கிறவள் அவள். அவளுக்கு இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. போல்டை உருவினாள், சக்கரம் இறங்கியது, ஷாக்கைக் கீழ்த்துளைக்குக் கொண்டுவந்து மாட்டினாள். வண்டி பழைய உயரத்துக்குப் போய்விட்டது.

"மா, இன்னா பண்ற?"

"கத்தாத. பின்னால ஏத்தறேன்."

"கால் எட்டாதே. இன்னிக்குப் போயி..."

"எட்டு போடறப்ப காலே தரையில படக்கூடாது. அப்பறம் தரை கிட்ட இருந்தா இன்னா, தூரமா இருந்தா இன்னா?"

இருபது நாளாக எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"எறக்கி வச்சா பின்னால ஆள் ஏற முடியல" என்றாள், போல்டை முறுக்கிக்கொண்டே. "நான் ஒருத்தி சுத்தறதுக்கா வண்டி வாங்கனோம்? உங்க மாமா கிட்ட சொல்லாத. பேஜார் பண்ணுவான்."

அந்த 'ஆள்' யார் என்று நான் கேட்கவே இல்லை. எனக்காக அம்மா லைசென்ஸையே பணயம் வைக்கிறாள் என்ற நினைப்பில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

டெஸ்ட் மைதானத்தில் ஏகப்பட்ட பேர். அப்பா பஸ்ஸில் வந்திருந்தார், மாமா தன் பைக்கில். அம்மாவுக்கு முன்னால் போன பெண் முதல் வளைவிலேயே காலை ஊன்றிவிட்டாள். பிரேக் இன்ஸ்பெக்டர் பேனாவால் ஒரு கோடு போட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், ஓரமாக நட்டிருந்த ஒரு வெள்ளைக் கல்லின் பக்கத்தில் நிறுத்தினாள். இடதுகாலைக் கல்லின்மேல் வைத்துக்கொண்டு ஏறினாள். வலதுகால் காற்றில் தொங்கியது. என் பக்கத்தில் நின்ற மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"நேத்து எட்டுச்சே... நேத்து முழுப் பாதமும் எட்டுச்சே" என்று தனக்குத்தானே முனகினார். நான் வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. முதல் வளைவு. ஹாண்டில்பார் இழுக்கவில்லை, சொன்ன பேச்சைக் கேட்டது. நடுவே குறுக்குக் கோடு. இரண்டாம் வளைவின் பாதியில் ஒரு கூழாங்கல்லின்மேல் ஏறி வண்டி ஆடியது. அம்மாவின் வலதுகால், கால் வைக்கும் பலகையைவிட்டு ஒரு விரற்கடை எழுந்தது. தரை பக்கத்தில் இருந்திருந்தால் கட்டாயம் ஊன்றியிருப்பாள். ஊன்றுவதற்குத்தான் அங்கே எதுவும் இல்லையே. பாதம் திரும்பப் பலகையில் உட்கார்ந்தது. அம்மா எட்டை முடித்து, அதே கல்லின் பக்கத்தில் கொண்டுவந்து காலை வைத்து நிறுத்தினாள். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "சரிம்மா, போ" என்றார்.

நான் கத்திய கத்தலில் இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார்.

ஓடிப்போய்ப் பின்சீட்டில் ஒரு காலைத் தூக்கிப் போட்டேன். அம்மா என் தோளில் தட்டினாள்.

"நீ மாமா வண்டியில வா." பிறகு அப்பாவைப் பார்த்து, "ஏறுங்க" என்றாள்.

"எல்லாரும் பாக்கறாங்க. நான் பஸ்ல வர்றேன்" என்றார் அப்பா.

"ஏறுங்கன்றேன் இல்ல?"

அப்பா ஏறினார். பின்பக்கம் நன்றாக அமுங்கியது, ஆனால் சக்கரம் எங்கேயும் உரசவில்லை. டர்ரென்ற சத்தம் வராதா என்று நான் ஆசையோடு காத்திருந்தேன். வரவில்லை.

மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து விடியற்காலை ரகசியம் முழுவதையும் போட்டுக்கொடுத்தேன். அம்மா எனக்குத் துரோகம் செய்துவிட்டாள், நான் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? மாமா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "ஓ" என்றார், அவ்வளவுதான்.

ரயில்வே கேட் சாத்தியிருந்தது. ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற சரக்கு வண்டி, முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. லாரிகளுக்கு நடுவே எங்களுக்கு முன்னால் அம்மாவின் ஸ்கூட்டர் நின்றது. அங்கே கல் எதுவும் இல்லை. அம்மா இரண்டு கால்களையும் பலகையிலேயே வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். பின்னாலிருந்து அப்பாவின் நீண்ட கால்கள் இரண்டும் இறங்கி, முழுப் பாதமும் தரையில் படிய, வண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"பாரு மாமா, அப்பாதான் புடிச்சிக்கினு இருக்காரு. அம்மாவுக்கு இன்னும் நிக்கத் தெரியல" என்றேன். "அப்பா ஓட்டினா என்னவாம்? சோம்பேறி."

மாமா கேட் திறக்கும்வரை அந்த நாலு கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு வலிப்பு வரும் என்பதும், பைக்கில் போகும்போது ஒருமுறை வந்து சர்வீஸ் ரோட்டில் விழுந்து கிடந்தார் என்பதும், இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் என்பதும் எனக்குத் தெரிந்தபோது நான் பிளஸ் ஒன்னில் இருந்தேன். அன்று அந்தக் கேட்டில் எனக்கு இருந்ததெல்லாம் என் இடத்தைப் பிடித்துக்கொண்ட அப்பாமேல் கோபம் மட்டும்தான். கேட்டைத் தூக்கினார்கள். அப்பா பாதங்களால் தரையை ஒரு உந்து உந்திவிட்டு அவற்றை மேலே எடுத்துக்கொண்டார். அவர்கள் விழுந்தால் நன்றாயிருக்கும் என்று நான் நினைத்தேன்.